தூதரின் கடிதத்தை எவ்வளவு நம்பலாம்? எட்டாம் ஹென்றியின் அரசவையும் யூஸ்டஸ் ஷாப்புயியும்

இளவேனில் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி தம் முதல் மனைவி அரகான் கேத்தரினை விலக்கி ஆன் பொலினை மணந்த காலத்தைப் பற்றிச் சில மாதங்களாக வாசித்து வருகிறேன். எந்த நூலைத் திறந்தாலும் ஆதாரமாக ஒரே மனிதரின் கடிதங்கள்தான் மீண்டும் மீண்டும் வருகின்றன. கேத்தரினின் அக்கா மகனான புனித ரோமானியப் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் லண்டனில் அமர்த்தியிருந்த தூதர் யூஸ்டஸ் ஷாப்புயி அவர். 1529 இலையுதிர் காலத்தில் வந்து சேர்ந்தவர், 1539-40இல் சிறிது காலம் நீங்கலாக, 1545 வரை அங்கேயே இருந்திருக்கிறார். மன்னர் அந்தரங்கமாக யாரிடமோ சொன்னது, அரசி யாரைக் கடிந்துகொண்டார், எந்தப் பிரபு எவருடன் பேசுவதை நிறுத்தினார் என்று எல்லாமே அவருடைய மடல்களில் இருக்கின்றன.

இங்கேதான் எனக்கு ஐயம் எழுகிறது. சவாய் நாட்டின் அன்னெசியில் பிறந்த ஒரு வழக்கறிஞர், ஆங்கிலத்தில் புலமை இல்லாதவர், அதிலும் கேத்தரினின் பக்கம் வெளிப்படையாக நின்றவர், மன்னரின் படுக்கையறைப் பேச்சை எப்படி அறிந்தார்? அறிந்ததாகவே வைத்துக்கொள்வோம். ஸ்பெயின், ஜெர்மனி, இத்தாலி என்று ஓரிடத்தில் தங்காமல் சுற்றிக்கொண்டிருந்த பேரரசரை அந்தக் கடிதம் சென்றடைவதற்குள் செய்தி பழையதாகி இருக்காதா? வழியில் எவரேனும் பிரித்துப் படித்திருந்தால் என்ன ஆகும்? குறிப்பாக 1536 ஜனவரி 29 அன்று அவர் எழுதிய கடிதத்தைப் பற்றி அறிய விரும்புகிறேன். ஆன் பொலின் தம்மைச் சூனியத்தால் மயக்கிவிட்டதாக மன்னர் சொன்னார் என்ற புகழ்பெற்ற வாசகம் அதில்தான் வருகிறது. அதை எந்த அளவுக்கு நம்பலாம்?

பரணி:

இளவேனில் அவர்களுக்கு வணக்கம். முதல் கேள்விக்கு மட்டும் இப்போது எழுதுகிறேன். ஜனவரி 29 கடிதத்தைப் பற்றிப் பின்னர் எழுதுகிறேன்.

ஒரு நாட்டின் தூதர் இன்னொரு நாட்டின் தலைநகரில் வீடெடுத்து ஆண்டுக்கணக்கில் தங்கும் வழக்கம் அப்போது ஐரோப்பாவில் இரண்டு மூன்று தலைமுறை வயதுடையதுதான். அதற்கு முன்பு தூதர் என்றால் ஒரு திருமணம் பேசவோ, உடன்படிக்கை முடிக்கவோ வந்து, விருந்துண்டு, பரிசு பெற்றுத் திரும்புபவர். இத்தாலிய நகர அரசுகள்தாம் இதை மாற்றின. மிலானில் ஆட்சியைக் கைப்பற்றக் காத்திருந்த பிரான்செஸ்கோ ஸ்போர்ட்சா, 1446 முதல் நிக்கோடெமோ டா போன்ட்ரெமோலி என்பவரைப் புளோரன்ஸில் கோசிமோ டி மெடிச்சியின் அருகே பல ஆண்டுகள் இருத்தி வைத்தார். 1454இல் மிலானுக்கும் வெனிஸுக்கும் இடையே லோடி அமைதி உடன்படிக்கை ஏற்பட்ட பின், ஒருவரையொருவர் நம்பாத ஐந்து பெரிய இத்தாலிய அரசுகளுக்கும் இந்த ஏற்பாடு தவிர்க்க முடியாததாகிவிட்டது. அங்கிருந்து அதைக் கற்றுக்கொண்டு ஆல்ப்ஸுக்கு அப்பால் விரித்தவர் கேத்தரினின் தந்தை, அரகான் மன்னர் பெர்டினாண்ட். அவருடைய தூதர் டி புயேப்லா 1490களிலிருந்தே லண்டனில் தங்கியிருந்தார். சம்பளம் ஒழுங்காக வராததால் மிக எளிய குடியிருப்பில் காலம் தள்ளி, அரண்மனைப் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று அவருடைய சக தூதர்களே புகார் எழுதியிருக்கிறார்கள். தூதர் பதவியின் பகட்டை மட்டும் அறிந்தவர்கள் இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தங்கியிருக்கும் தூதரின் வேலை பேச்சுவார்த்தை நடத்துவதைக் காட்டிலும் எழுதுவதுதான். வெறும் கையுடன் எழுத முடியாது என்பதால் அவர் செய்தியை வாங்கவும் விற்கவும் வேண்டியிருந்தது. ஷாப்புயிக்கு யார் யார் செய்தி தந்தார்கள் என்பதை அவர் கடிதங்களிலிருந்தே ஓரளவு பட்டியலிடலாம். கேத்தரினின் மருத்துவர்களும் பணியாளர்களும் ஒரு வட்டம். லண்டனில் வணிகம் செய்த பிளெமிய, இத்தாலிய, ஸ்பானிய வணிகர்கள் இன்னொரு வட்டம். பழைய கத்தோலிக்க மதத்தில் பற்றுள்ள பிரபுக் குடும்பங்கள் மூன்றாவது. இவற்றுக்கெல்லாம் மேலாக, மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லே அவரிடம் நீண்ட நேரம் பேசுவார். ஆங்கிலக் குறையும் நாம் நினைக்கும் அளவுக்குப் பெரிய தடையாக இருக்கவில்லை. ஹென்றி பிரெஞ்சு நன்றாகப் பேசுவார், அவையில் பலரும் பேசினார்கள், ஷாப்புயியின் வீட்டில் ஆங்கிலம் அறிந்த பணியாட்களும் இருந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, இவர்களில் ஒருவரும் சும்மா பேசவில்லை என்பதுதான். பேரரசர் படையெடுத்து வந்து தங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று பிரபுக்கள் விரும்பினார்கள். ஆகவே அவர்கள் சொன்ன செய்தியில் நாட்டின் கொதிப்பு சற்று மிகுந்தே இருக்கும். கிராம்வெல்லுக்குப் பேரரசருடன் நட்பு வேண்டியிருந்தபோது அவர் ஒன்றைச் சொல்வார், தம் திறமையைக் காட்ட வேண்டியிருந்தபோது வேறொன்றைச் சொல்வார். ஆன் பொலின் கொல்லப்பட்டுச் சில வாரங்கள் கழித்து, 1536 ஜூனில், அந்த வீழ்ச்சியைத் திட்டமிட்டு நடத்தியது தாமே என்று கிராம்வெல் சொன்னதாக ஷாப்புயி எழுதுகிறார். இதை வாக்குமூலமாக எடுத்துக்கொண்டவர்களும் உண்டு, வீண்பெருமையாகக் கொண்டவர்களும் உண்டு. நான் இரண்டாவது அணியைச் சேர்ந்தவன். அரைகுறையாகத்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அஞ்சல்குதிரை:

கடிதம் போய்ச் சேரும் வேகத்தைப் பற்றிய கேள்விக்கு என்னால் ஓரளவு விடை சொல்ல முடியும்.

பேரரசர் சார்லஸின் ஹாப்ஸ்பர்க் குடும்பத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு பெரிய வசதி இருந்தது. இத்தாலியின் பெர்காமோ பகுதியிலிருந்து வந்த தாக்சிஸ் குடும்பம் 1490 முதல் இன்ஸ்புருக்குக்கும் நெதர்லாந்துக்கும் இடையே மாற்றுக் குதிரைகளும் மாற்று ஆட்களும் காத்திருக்கும் நிலையங்களை அமைத்து அஞ்சல் நடத்தியது. 1505இல் சார்லஸின் தந்தை பிலிப்புடன் பிரான்ஸ் வான் தாக்சிஸ் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் கால அளவே எழுதப்பட்டுள்ளது: பிரஸ்ஸல்ஸிலிருந்து இன்ஸ்புருக்குக்குக் கோடையில் ஐந்தரை நாள், குளிரில் ஆறரை நாள், பாரிஸுக்குக் கோடையில் 44 மணி நேரம், தெற்கு ஸ்பெயினின் கிரானடாவுக்குக் கோடையில் 15 நாள். ஒவ்வொரு நிலையத்திலும் கடிதக்கட்டு வந்த நேரத்தை ஒரு தாளில் குறிக்க வேண்டும். தாமதம் யாருடையது என்று பின்னால் கண்டுபிடிக்க அது உதவும். அவசரக் கடிதங்களின் மேலுறையில் தூக்குமரம் வரைவார்கள். ஓட்டுபவர் எழுத்தறியாதவராக இருந்தாலும் அதன் பொருள் விளங்கும்.

ஒப்பந்தத்தில் எழுதியது ஒன்று, நடைமுறை வேறு. வெனிஸின் மரீனோ சனூடோ 1496 முதல் 1533 வரை எழுதிய பெரும் நாட்குறிப்பில் ஒவ்வொரு கடிதமும் எழுதப்பட்ட நாளும் வெனிஸை அடைந்த நாளும் உள்ளன. அவற்றைப் பிற்கால வரலாற்றாசிரியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். லண்டனிலிருந்து வெனிஸுக்கு வழக்கமாக 24 நாள் ஆகியிருக்கிறது. மிக விரைவாக வந்தது 9 நாள், மிகத் தாமதமானது 52 நாள். கான்ஸ்டான்டினோப்பிளிலிருந்து வழக்கமாக 34 நாள், மிக விரைவு 15, மிகத் தாமதம் 81. சராசரியைவிட இந்த ஏற்ற இறக்கம்தான் அமைச்சர்களைத் தூங்கவிடாமல் செய்திருக்கும். பத்து நாள் தாமதமானால் கடல் கொந்தளிப்பா, கொள்ளையரா, தூதரே கைதாகிவிட்டாரா என்று எப்படித் தெரியும்?

சொந்த ஆளைவிடப் பிறர் தூதர் முந்திக்கொண்ட நிகழ்ச்சி ஒன்றையும் சொல்ல வேண்டும். 1571 அக்டோபர் 7 அன்று லெபாந்தோ கடற்போரில் துருக்கியக் கப்பற்படை முறியடிக்கப்பட்டது. வெற்றி பெற்ற கூட்டுப்படையின் தலைவர் டான் ஜான், ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் தம்பி, ஒரே தந்தைக்குப் பிறந்தவர். ஆயினும் செய்தி விரைவுக் கப்பலில் முதலில் வெனிஸுக்குப் போய் அக்டோபர் 19 அன்று சேர்ந்தது. அங்கிருந்து மாட்ரிட்டிலிருந்த வெனிஸ் தூதர் லியனார்டோ டோனாவுக்கு வந்து, அவர்தான் அக்டோபர் 31 அன்று பிலிப்புக்கு அதை அறிவித்தார். டான் ஜான் அனுப்பிய அதிகாரி லோப்பே டி பிகெரோவா வந்து சேர்ந்தது நவம்பர் 22. தன் வெற்றியையே வேற்று நாட்டுத் தூதர் வாயால் மூன்று வாரம் முன்னதாகக் கேட்க வேண்டிய நிலை உலகின் மிகப் பெரிய பேரரசுக்கு இருந்தது.

ஷாப்புயிக்கு வருவோம். 1535 இறுதி முதல் 1536 மார்ச் வரை சார்லஸ் நேப்பிள்ஸில் இருந்தார். அவருக்கு எழுதும் கடிதம் ஆங்கிலக் கால்வாய் கடந்து நெதர்லாந்து வழியாக ஆல்ப்ஸைத் தாண்டி இத்தாலியின் தெற்கு வரை போக வேண்டும். அதனால்தான் ஷாப்புயி பேரரசருக்கு மட்டும் எழுதவில்லை. பிரஸ்ஸல்ஸில் ஆட்சிப் பொறுப்பிலிருந்த சார்லஸின் தங்கை, ஹங்கேரி அரசி மேரிக்கும், பேரரசரின் அமைச்சர் கிரான்வெல்லுக்கும் தனித்தனியே எழுதினார்.

கேத்தரின் 1536 ஜனவரி 7 அன்று இறந்தார். அந்தச் செய்தியைக் கேட்டு, நிலைமையை எண்ணிப் பார்த்து, இனி ஆன் பொலினை ஏற்றுக்கொண்டேனும் ஹென்றியுடன் உறவை மீட்கலாம் என்று சார்லஸ் மார்ச் 28 அன்று கயேட்டாவிலிருந்து அறிவுறுத்தல் அனுப்புகிறார். மூன்று வாரத்துக்குள் அது லண்டனில் கிடைத்து, ஏப்ரல் 18 அன்று ஷாப்புயி அரண்மனைக்குப் போகிறார். மே 19 அன்று ஆன் பொலினின் தலை வெட்டப்பட்டது. அஞ்சல் சரியான வேகத்தில்தான் போனது. ஆனால் எந்த அரசியை ஏற்கலாம் என்று பேரரசர் எழுதினாரோ அவர் அதன்பின் இரண்டு மாதம்கூட அரசியாக இருக்கவில்லை. இளவேனில் கேட்ட "பழையதாகிவிடாதா" என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

நாச்சியார்:

மேலே எழுதியவர்கள் இருவரும் தூதர், அமைச்சர், குதிரைக்காரர் என்று ஆண்களைப் பற்றியே எழுதிவிட்டார்கள். இந்த வலைப்பின்னலில் பாதி பெண்களின் கையில் இருந்தது என்பதைச் சேர்க்க விரும்புகிறேன்.

அரகான் கேத்தரினே ஒரு காலத்தில் முறையான தூதர். ஹென்றியின் அண்ணன் ஆர்தரை மணந்து, சில மாதங்களிலேயே விதவையாகி, சீதன வழக்கில் இரு மன்னர்களுக்கு இடையே சிக்கி, செலவுக்குப் பணமின்றி லண்டனில் இருந்தபோது, 1507இல் தந்தை பெர்டினாண்ட் அவருக்கு நியமனப் பத்திரம் அனுப்பினார். ஐரோப்பாவில் அரசவை ஒன்றில் இப்படி நியமிக்கப்பட்ட முதல் பெண் தூதராக அவரையே குறிப்பிடுகிறார்கள். சங்கேத எழுத்தில் எழுதவும் படிக்கவும் அவர் தாமே கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் கணவருடைய அமைச்சர்களுக்கு எதிராக அவர் அவ்வளவு நேர்த்தியாகக் கடிதம் கடத்தினார் என்றால், அந்தப் பயிற்சி இருபது வயதுகளிலேயே தொடங்கியது.

ஷாப்புயி லண்டனுக்கு வந்த அதே 1529இன் ஆகஸ்டில் காம்ப்ரே நகரில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. பிரான்ஸ் மன்னர் பிரான்சிஸுக்கும் சார்லஸுக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் நடந்த போரை முடித்து வைத்தவர்கள், பிரான்சிஸின் தாய் சவாய் லூயிஸும், சார்லஸின் அத்தை ஆஸ்திரிய மார்கரெட்டும். மார்கரெட்டின் மறைந்த கணவர் லூயிஸின் சகோதரர். ஆகவே இருவரும் நாத்தனார் உறவு, சிறு வயதில் ஒரே அரண்மனையில் வளர்ந்தவர்கள். மன்னர்கள் ஒருவருக்கொருவர் இறங்கிப் போனால் மானம் போய்விடும், பெண்கள் முன்வந்தால் இரு தரப்புக்கும் இழுக்கில்லை என்ற வாதத்தை மார்கரெட் எழுத்திலேயே வைத்திருக்கிறார். இருவரும் அடுத்தடுத்த வீடுகளில் தங்கி, இடையே வழி அமைத்துக்கொண்டு, தூதர்களை வெளியே நிறுத்திவிட்டுப் பேசி முடித்தார்கள்.

ஷாப்புயியின் செய்தியாளர்களுக்குள்ளும் முதன்மையானவர் ஒரு பெண்: எக்ஸிடர் மார்க்வெஸின் மனைவி கெர்ட்ரூட் கோர்ட்னி. அவருடைய தாய் கேத்தரினோடு ஸ்பெயினிலிருந்து வந்தவர் என்று சிலர் கருதுவது ஒருபுறம் இருக்க, அவர் கேத்தரினின் நெருங்கிய தோழி என்பதில் ஐயமில்லை. கணவர் மன்னரின் நெருங்கிய உறவினர், அந்தரங்க அறைக்குள் செல்லும் உரிமை உடையவர். அங்கே கேட்டது வீட்டுக்கு வரும், வீட்டிலிருந்து தூதருக்குப் போகும். இதற்கு அந்தக் குடும்பம் கொடுத்த விலையும் பெரிது. 1538 நவம்பரில் இருவரும் கைதானார்கள். கணவர் தலை வெட்டப்பட்டார், மனைவி சிறையிலிருந்து பிழைத்து வந்தார்.

ஏப்ரல் 18 சந்திப்பைப் பற்றியும் ஒரு சொல். அன்று கிரீனிச் அரண்மனையில் ஆன் பொலினை நேரில் சென்று கண்டு முத்தமிட்டு வணங்குமாறு ஷாப்புயியைக் கேட்டார்கள்; அவர் நயமாக மறுத்துவிட்டார். பிறகு அவரைத் தேவாலயத்துக்கு அழைத்துப் போய், அரசி வரும் வழியிலிருந்த கதவருகே நிற்கும்படி ஆயிற்று. ஆன் திரும்பி அவருக்குத் தலை தாழ்த்த, அவரும் தாழ்த்த வேண்டியதாயிற்று. ஏழாண்டுகள் அவர் ஒருமுறைகூட அளிக்காத மரியாதை. அன்று அவையிலிருந்த அத்தனை நாட்டவரும் அதைத் தத்தம் தலைவர்களுக்கு எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். கடிதத்தை மறைக்கலாம், சங்கேதத்தில் எழுதலாம். தலை தாழ்த்தியதை மறைக்க வழியில்லை.

மறையெழுத்து:

வழியில் பிரித்துப் படித்தால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதினார்கள்.

வெனிஸில் நாட்டின் பாதுகாப்பைக் கவனித்த பத்துப்பேர் அவை 1506 முதல் ஜியோவானி சோரோ என்பவரைச் சங்கேதச் செயலராக வைத்திருந்தது. அவர் பிற அரசுகளின் மறையெழுத்தை உடைப்பதில் அவ்வளவு பேர்பெற்றவர் ஆனதால், போப் ஏழாம் கிளமென்டும் தம் கையில் சிக்கிய கடிதங்களை அவருக்கே அனுப்பி விடை கேட்டார். இதன் விளைவாக நல்ல தூதர் கடிதத்தை இரண்டாகப் பிரித்தார்: யார் படித்தாலும் பாதகமில்லாத பகுதி வெளிப்படையாக, மற்றது எண்களாகவும் குறிகளாகவும். ஒரே எழுத்துக்குப் பல குறிகள், பெயர்களுக்கும் இடங்களுக்கும் தனிக் குறிகள், பொருளே இல்லாத வெற்றுக் குறிகள் என்று குழப்பம் சேர்ப்பார்கள். சில சமயம் எதிரி படிக்க வேண்டும் என்றே வெளிப்படையாக எழுதியதும் உண்டு. மன்னரின் முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாத எச்சரிக்கையை அவருடைய ஆட்கள் பிரிக்கப்போகும் கடிதத்தில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

இங்கிலாந்தில் இந்தக் கலை முழு வளர்ச்சி பெற்றது அரசி எலிசபெத்தின் அமைச்சர் வால்சிங்கம் காலத்தில். ஸ்காட்லாந்து அரசி மேரி சிறையிலிருந்து, லண்டனிலிருந்த பிரெஞ்சுத் தூதர் காஸ்டெல்னோ வழியாகத்தான் வெளியுலகத்தோடு பேசினார். 1583 அளவில் அந்தத் தூதரின் வீட்டுக்குள்ளேயே வால்சிங்கத்துக்கு ஆள் இருந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, சார்ட்லியில் மேரி காவலில் இருந்தபோது, பீர்ப் பீப்பாயின் அடைப்புக்குள் கடிதம் வைத்து அனுப்பும் ஒரு "ரகசிய" வழி அவருக்குக் கிடைத்தது. அந்த வழியை அமைத்துக் கொடுத்ததே வால்சிங்கத்தின் ஆட்கள். தாமஸ் பெலிப்ஸ் மறையெழுத்தை உடைப்பார், ஆர்தர் கிரகரி முத்திரையைச் சேதமின்றிப் பிரித்து மீண்டும் ஒட்டுவார். 1586 ஜூலையில், எலிசபெத்தைக் கொல்லத் திட்டமிட்ட பாபிங்டனுக்கு மேரி எழுதிய பதிலைப் படியெடுத்து அனுப்பும்போது பெலிப்ஸ் அதன்மேல் தூக்குமரம் ஒன்றை வரைந்தார் என்பார்கள். 1587 பிப்ரவரி 8 அன்று மேரியின் தலை வெட்டப்பட்டது.

பெரும்பாலும் காஸ்டெல்னோவுக்கு மேரி எழுதிய மறையெழுத்துக் கடிதங்களில் பெரும் தொகுதி ஒன்று பாரிஸின் தேசிய நூலகத்தில் இத்தாலி தொடர்பான தாள்கள் என்று தவறாகப் பட்டியலிடப்பட்டுக் கிடந்தது. 1578 முதல் 1584 வரையிலான அந்த 57 கடிதங்களையும் மூன்று ஆய்வாளர்கள் கணினியின் துணையுடன் படித்து 2023இல் வெளியிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றின் உள்ளடக்கம் அதுவரை வரலாற்றாசிரியர் எவருக்கும் தெரியாது. ஆனால் கடைசி ஆண்டுகளைச் சேர்ந்த சிலவற்றின் படிகள் ஏற்கெனவே வால்சிங்கத்தின் ஆவணங்களுக்குள் இருந்தன. காஸ்டெல்னோவின் வீட்டில் ஒற்றர் இருந்ததற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

அஞ்சல்குதிரை அவர்கள் புகழ்ந்த தாக்சிஸ் அஞ்சலைப் பற்றியும் ஒன்று. 18ஆம் நூற்றாண்டில் வியன்னாவின் ரகசியக் கடித அலுவலகத்துக்கு அதே அஞ்சல் நிலையங்கள்தாம் வாசலாக இருந்தன. தூதரகங்களுக்கு வந்த கட்டுகள் காலை ஏழு மணிக்கு உள்ளே போய், பிரித்து, படியெடுத்து, மீண்டும் முத்திரையிட்டு, ஒன்பதரை மணிக்குள் அஞ்சலுக்குத் திரும்பிவிடும். கொண்டு செல்பவரே பிரிப்பவர்.

தென்கரை:

எல்லோரும் அரிய செய்திகளைத் தந்திருக்கிறீர்கள். ஆயினும் ஒரு மாறுபட்ட கருத்தைப் பதிவுசெய்ய அனுமதி வேண்டும். ஷாப்புயியின் கடிதங்கள் மிகுதியாகக் கிடைப்பதாலேயே அவர் மிகுதியாக அறிந்தவர் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். அவை வியன்னா ஆவணக் காப்பகத்தில் தப்பிப் பிழைத்தன. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலச் சுருக்கங்களாக அச்சேறின. இன்று இணையத்தில் எவரும் தேடலாம். அதே அவையிலிருந்த பிரெஞ்சுத் தூதர்களின் கடிதங்கள் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்திருந்தால் ஆன் பொலின் நமக்கு வேறொரு பெண்ணாகத் தெரிந்திருப்பார். ஷாப்புயி அவரைப் பெரும்பாலும் பெயர் சொல்லி எழுதுவதே இல்லை. "வைப்பாட்டி" என்றே எழுதுகிறார்.

அவர் தவறிய இடங்களும் உண்டு, தவறினாரா என்று சொல்ல முடியாத இடங்களும் உண்டு. கேத்தரின் இறந்த செய்தி வந்ததும் ஹென்றி தலைமுதல் கால்வரை மஞ்சள் உடுத்தி, தொப்பியில் வெள்ளை இறகு சூடிக் கொண்டாடினார் என்று அவர் எழுதுகிறார். ஆங்கிலேய வரலாற்றாசிரியர் எட்வர்ட் ஹால் மஞ்சள் உடுத்தியவர் ஆன் என்கிறார். இருவரும் ஒரே காலத்தவர்.

வெனிஸ் இந்தச் சிக்கலை முன்பே உணர்ந்திருந்தது. தூதர் திரும்பி வந்ததும் செனட் முன் நின்று அந்த நாட்டைப் பற்றி முழுமையாக உரைக்க வேண்டும் என்ற விதி அங்கே 13ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. "ரெலாட்சியோனே" எனப்பட்ட அந்த உரையில் மன்னரின் குணம், வருவாய், படை, கோட்டைகள், பிரபுக்களின் பகை எல்லாம் இடம்பெறும். வாரந்தோறும் எழுதிய கடிதங்களின் பதற்றம் அடங்கிய பிறகு, அந்த நாட்டைவிட்டு வந்துவிட்ட பின் பேசுவதால், அதன் நிதானமே தனி. ரகசியமாக இருக்க வேண்டிய அவற்றின் படிகள் ரோமில் விலைக்குக் கிடைத்தன என்பது வேறு கதை. ஷாப்புயியிடமிருந்து அத்தகைய முழு உரை நமக்குக் கிடைக்காததை ஒரு பெரிய குறையாகவே கருதுகிறேன்.

இளவேனில்:

அனைவருக்கும் நன்றி. நான் எதிர்பார்த்ததைவிட மிகுதியாகவே கற்றுக்கொண்டேன். நாச்சியார் அவர்கள் எக்ஸிடர் குடும்பத்தைப் பற்றி எழுதியதைப் படித்ததும் ஒரு துணைக்கேள்வி: ஜனவரி 29 கடிதத்தின் செய்தி அவர்கள் வழியாக வந்ததுதானா? பரணி அவர்கள் அதற்கு வருவதாகச் சொல்லியிருந்தீர்கள்.

பரணி:

ஆம், அவர்கள் வழியாகத்தான். கடிதத்தில் ஷாப்புயி அந்தச் சங்கிலியை மறைக்கவே இல்லை. மன்னர் ஒருவரிடம் மிகுந்த நம்பிக்கையோடு, பாவமன்னிப்புக் கேட்பவரைப் போலச் சொன்னாராம். அதை அவையின் முதன்மையானவர்களுள் ஒருவர் எக்ஸிடர் தம்பதியருக்குத் தெரிவித்தாராம். அவர்கள் அன்று காலை ஷாப்புயிக்குச் சொல்லியனுப்பினார்களாம். சூனியத்தால் மயங்கி இந்தத் திருமணத்தைச் செய்துகொண்டதாகவும், ஆகவே இது செல்லாது என்று கருதுவதாகவும், ஆண் குழந்தை தராததன் மூலம் கடவுளும் அதையே காட்டுவதாகவும், வேறொருத்தியை மணக்கலாம் என்றும் மன்னர் சொன்னார் என்பது செய்தி. மன்னரின் வாயிலிருந்து ஷாப்புயியின் பேனா வரை குறைந்தது மூன்று கைகள். அது பிரெஞ்சில் எழுதப்பட்டு, நாம் படிப்பது பெரும்பாலும் ஆங்கிலச் சுருக்கம்.

இதைவிட முக்கியமானது, நல்ல இடத்திலிருந்து வந்திருந்தாலும் தம்மால் இதை நம்ப முடியவில்லை என்று ஷாப்புயியே அதே கடிதத்தில் எழுதியிருப்பது. மேற்கோள் காட்டுபவர்களில் பெரும்பாலோர் இந்த வரியை விட்டுவிடுகிறார்கள். தென்கரை அவர்களின் ஐயம் நியாயமானது; ஆனால் அந்த ஐயத்தை முதலில் எழுப்பியவரே ஷாப்புயிதான் என்பதால், இந்த ஒரு கடிதத்தில் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை.

இன்னொன்று தேதி. ஆன் பொலினுக்குக் கருச்சிதைவு ஏற்பட்டதும் ஹென்றி ஆத்திரத்தில் இப்படிச் சொன்னார் என்றுதான் வழக்கமாகக் கதை சொல்லப்படுகிறது. கேத்தரின் பீட்டர்பரோவில் அடக்கம் செய்யப்பட்ட அதே ஜனவரி 29 அன்று கருச்சிதைவு நிகழ்ந்தது என்பது உண்மைதான். அதையும் நமக்குச் சொல்பவர் ஷாப்புயியே. ஆனால் அதை அவர் சொல்வது பிப்ரவரி 10 தேதியிட்ட கடிதத்தில். சூனியப் பேச்சு இருக்கும் ஜனவரி 29 கடிதத்தில் கருச்சிதைவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அன்று காலையே மூன்று கை மாறி வந்து சேர்ந்துவிட்ட பேச்சு, அன்று நடந்த ஒன்றுக்கு எதிர்வினையாக இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதாவது ஆன் கருவுற்றிருந்தபோதே, ஆண் வாரிசு பிறக்கும் நம்பிக்கை இன்னும் அறுபடாத நிலையிலேயே, மன்னர் இப்படிப் பேசினார் என்று கொள்ள வேண்டும். அல்லது மன்னர் பேசாததை, ஆனை வெறுத்த ஒரு குடும்பம் தூதருக்குச் சொல்லியனுப்பியது என்று கொள்ள வேண்டும். இரண்டில் பின்னதே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

இரண்டு கடிதங்களின் ஆங்கிலச் சுருக்கங்களும் ஹென்றி காலத்து ஆவணத் தொகுப்பின் 10ஆம் தொகுதியில் உள்ளன. இணையத்தில் கட்டணமின்றியே கிடைக்கின்றன. தேதியைப் பார்த்து அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். இடையில் வேறு சிலருக்கு அவர் எழுதிய கடிதங்களும் வரும். அவற்றையும் விட்டுவிட வேண்டாம்.